ஆரல் பார்க்கும் குருகுக்கு ஒரு திறந்த மடல்

காமக் கதைகளை வாசிக்கும் அன்பர்களுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "61ஆம் பக்கம் பிரமாதம், மற்றதைப் படிக்கவில்லை."

பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்குப் பதினொரு நாள் ஆனது. பிடித்திருந்தது என்று ஒருவர் சொன்னால் மகிழ்ச்சி வராமல் இருக்குமா? வந்தது. ஆனாலும் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பக்கத்தில், இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்க்கையில் நெடுநாள் தொடாமலே இருந்துவிட்ட கணவனின் சட்டையை மனைவி கழற்றத் தொடங்குகிறாள். மூன்றாவது பொத்தானில் அவள் விரல் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்பது 14ஆம் பக்கத்தில் இருக்கிறது. தன் அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு, மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்தபடி, அறுந்து தொங்கிய அந்தப் பொத்தானைக் கைக்குக் கிடைத்த வேறு நிற நூலால் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். அவன் அந்த நூலை மாற்றவே இல்லை. 14ஆம் பக்கத்தைப் படிக்காமல் வந்தவருக்கு ஒரு பெண்ணின் விரல் சற்றுத் தாமதிக்கிறது, அவ்வளவுதான். படித்துவிட்டு வந்தவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

சிலிர்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் உடல் விழித்துக்கொள்ள வேண்டும், மூச்சு கனக்க வேண்டும், புத்தகத்தை மூடிவிட்டு நீங்கள் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். சமூகத்துக்கு ஏதோ சொல்ல வந்தேன், காமம் அதற்கு ஒரு சாக்கு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. காமத்தை எழுதவே வந்தேன். அதனால்தான் நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்பது எனக்கு இவ்வளவு முக்கியமாக இருக்கிறது.

மடல் என்ற சொல்லையும் தெரிந்தேதான் எடுத்தேன். காதல் கைகூடாதவன் பனைமடலால் குதிரை செய்து, அதன்மேல் ஏறித் தெருவில் வந்து, தன் காமத்தை ஊரறியச் சொல்வதுதான் பழைய இலக்கியத்தின் மடலேறுதல். பெண் மடலேறுவது முறையில்லை என்பது தொல்காப்பியம். கடல்போன்ற காமத்தில் உழன்றாலும் மடலேறாத பெண்ணைப்போலப் பெருமையுடையது வேறில்லை என்று குறளும் அதையே சொல்கிறது. திருமங்கையாழ்வார் தம் இரண்டு திருமடல்களிலும் பெண் குரலில் நின்று அந்த விதியை மீறினார். நான் பெண். என் காமக் கதைகளைப் பற்றி எல்லோர் முன்னும் நின்று பேச வேண்டியிருக்கிறது. அதற்கு இந்தச் சொல்லே பொருந்துகிறது.

இப்போது குருகு என்ற நீர்ப்பறவைக்கு வருகிறேன். குறுந்தொகையின் 25ஆவது பாட்டு, கபிலர் பாடியது. தலைவி சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று அங்கே யாருமில்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற சிறிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் நின்றது.

பல ஆண்டுகளாக என்னை விட்டுப் போகாத பாட்டு இது. குருகு அங்கேயேதான் இருந்தது. கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில். இருந்தும் அது சாட்சியாகாது. அதன் கண் ஆரல்மேல் இருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பிப் போட்ட அந்த நேரம் முழுவதும் அது மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

61ஆம் பக்கத்தை மட்டும் படித்த நண்பரே, உங்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. நீங்களும் அங்கே இருந்தீர்கள். நான் கட்டிய அறைக்குள், அந்த இருவருக்கும் பக்கத்தில் நின்றீர்கள். என் ஏக்கம், நீங்கள் ஆரலைவிட்டுச் சற்றுக் கண்ணெடுத்திருக்கக் கூடாதா என்பதுதான்.

இந்த ஏக்கம் என்னோடு தொடங்கியதில்லை. 1940களில் அனாயிஸ் நின் என்ற எழுத்தாளர், தன் பெயரை வெளியிடாத ஒரு சேகரிப்பாளருக்காகப் பக்கத்துக்கு ஒரு டாலர் கூலிக்குக் காமக் கதைகள் எழுதினார். பணமுடை. அந்த மனிதரிடமிருந்து திரும்பத் திரும்ப ஒரே உத்தரவு வந்தது: கவிதையை விடு, உடலுறவை மட்டும் எழுது. நின் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் அவருக்கே ஒரு கடிதம் எழுதினார். உங்களை வெறுக்கிறோம் என்று வெளிப்படையாகவே எழுதினார். உணர்ச்சியையும் ஏக்கத்தையும் கற்பனையையும் கழித்துவிட்டால் காமம் வலுவிழந்து இயந்திரமாகிவிடும், அதன் மாயமே போய்விடும் என்பதுதான் அவர் வாதம். அந்தக் கதைகள் அவர் இறந்த பிறகு, 1977இல், 'டெல்டா ஆஃப் வீனஸ்' என்ற தொகுப்பாக வெளிவந்தன. அவ்வளவு உத்தரவுக்குப் பிறகும் கவிதை அவற்றில் மிஞ்சித்தான் இருக்கிறது. முதல் முறை படித்தபோது அதற்காகவே அழுதேன்.

அந்தச் சேகரிப்பாளரைப்போல் நீங்கள் எனக்கு உத்தரவு போடவில்லை. ஆனால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போகும் ஒவ்வொரு விரலும் அதே உத்தரவைத்தான் சத்தமில்லாமல் சொல்கிறது. அதைக் கேட்டுக் கேட்டே எங்களில் பலர் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். முதல் பத்தியிலேயே ஆடையைக் களைந்துவிடுகிறார்கள். பாத்திரங்களுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டதைக் கொடுத்தார்கள்.

எழுதும்போது நாங்கள் படும் பாட்டில் ஒன்றையாவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொற்களின் பாடு அது. உடலைச் சொல்லத் தமிழில் எனக்கு மூன்று இடங்களிலிருந்து சொல் கிடைக்கிறது. ஒன்று மருத்துவருடையது. அதைப் போட்டால் கட்டில் பரிசோதனை மேசையாகிவிடுகிறது. இன்னொன்று வசையில் புழங்குவது. அதைப் போட்டால், அன்போடு தொட வந்த கை அறைந்ததுபோல் ஆகிவிடுகிறது. மூன்றாவது பழம்பாட்டின் சொல். அல்குல் என்று எழுதினால் அது இடையைக் குறிக்கிறதா, அதற்குக் கீழா என்று அறிஞர்களே இன்னும் வாதிடுகிறார்கள். முத்தத்தின் நடுவில் யார் உரை தேடுவார்கள்? ஆகவே நாங்கள் சுற்றி வருகிறோம். கை எங்கே இருக்கிறது என்பதை எழுதாமல், மூச்சு எங்கே அறுந்தது என்பதை எழுதுகிறோம். சில நாள் அந்தச் சுற்றுவழி அழகாக அமையும். சில நாள் வெறும் பூவும் தேனுமாகப் போய்ப் படிக்கச் சகிக்காது. அப்படிப் போன இடத்தை நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். "இந்தச் சொல் என்னை அறைக்கு வெளியே தள்ளிவிட்டது" என்று ஒரு வாசகர் சுட்டிக்காட்டினால் அது எனக்குப் பொன்.

சொல்ல முடியாமை என்பது இந்த எழுத்தின் அடியிலேயே இருக்கிறது. அகம் என்றால் என்ன என்று விளக்க வந்த பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர், கூடிய இருவரும் பிறகு ஒருவருக்கொருவர்கூட "இவ்வாறு இருந்தது" என்று சொல்லிக்கொள்ள முடியாத இன்பம் அது என்கிறார். அனுபவித்த இருவராலேயே சொல்ல முடியாததை மூன்றாவது ஆளான நான் முன்பின் தெரியாத உங்களுக்குச் சொல்லப் பார்க்கிறேன். பாதிதான் என்னால் முடியும். மீதியை நீங்கள் உங்கள் நினைவிலிருந்தும் உங்கள் ஏக்கத்திலிருந்தும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு சொல்லும் கொச்சையாக எழுதாமல் இது நடக்கும். உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' (போர்வை) என்ற சிறுகதை 1942இல் வெளியாகி, ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்துக்குப் போனபோது, ஆபாசமான சொல் எது என்று எதிர்த்தரப்பால் சுட்டிக்காட்ட முடியவில்லை. வழக்கு நிற்கவில்லை. கதையில் இருந்தது ஒரு போர்வையும் அதன் நிழலும். மற்றதெல்லாம் வாசித்தவர்கள் மனத்தில் நடந்தது.

வழக்கில் வென்ற பிறகும் சுக்தாயை விடவில்லை. வசைக் கடிதங்கள் வந்தன. கதையை விட்டுவிட்டு எழுதியவளைப் பிடித்துக்கொண்டார்கள். உங்களிடம் நான் கேட்க வந்த இரண்டாவது விஷயம் இதுதான். சொல்லப்போனால், எனக்கு அதிகம் வலிப்பது இதுதான்.

"இது உங்களுக்கு நடந்ததா?" மாதம் நான்கைந்து கடிதங்களாவது இந்தக் கேள்வியோடு வரும். சிலர் வெகுளியாகக் கேட்பார்கள். சிலர் அடுத்த வரியிலேயே எங்கே சந்திக்கலாம் என்று கேட்பார்கள். இத்தனை காமம் எழுதுகிறவள் எதற்கும் தயாராக இருப்பாள் என்பது அவர்கள் கணக்கு. உடன் எழுதும் ஆண்களுக்கும் கடிதங்கள் வருகின்றன. அவர்களிடம் அடுத்த கதை எப்போது என்று கேட்கிறார்கள். என்னிடம் நான் எப்போது என்று கேட்கிறார்கள்.

என் கதையின் பெண் ஒருவனை அழைத்தால் அவள் அவனைத்தான் அழைக்கிறாள். உங்களை அவள் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

அகப்பாட்டில் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் வகுத்தது. பெயர் வந்தால் அது அகமாக இருக்காது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டில் பிரிவால் வாடும் தலைவியும் இருக்கிறாள், பாசறையில் உறங்காத தலைவனும் இருக்கிறான். முழுக்க அகத்தின் சாயல். ஆனால் வேலில் சூட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ என்பதால் அதைப் புறம் என்று கொண்டார் நச்சினார்க்கினியர். ஒரே ஒரு வேப்பம்பூ! பெயர்கூட இல்லை. ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டால் அந்தரங்கம் தெருவுக்கு வந்துவிடும் என்பதை அவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார்கள்.

என் கதைகளில் நீங்கள் வேப்பம்பூத் தேடாதீர்கள். நான் புனைபெயரில் எழுதுவது உங்களோடு கண்ணாமூச்சி ஆட இல்லை. அந்தப் பெயர் இருப்பதால்தான் என்னால் உண்மையை எழுத முடிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என் புனைபெயரைத் தோண்டி, நான் வேலை செய்த இடத்துக்கு என் கதையின் இரண்டு பக்கங்களை அனுப்பிவைத்தார். கூடவே என் உண்மைப் பெயர். அன்று மதியம் ஒரு கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அப்படிப் பார்க்காமல் இருப்பதும் ஒருவகைப் பார்வை என்று அன்று தெரிந்தது. அதன்பின் ஒன்பது மாதம் ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு பாத்திரத்தின் முகமும் என் முகமாகத் தெரிந்தது. அனுப்பியவர் என் எதிரி இல்லை, என் எல்லாக் கதைகளையும் படித்தவர். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

வேறு வகைக் கடிதம் ஒன்றும் உண்டு. ஒரு பெண் எழுதியிருந்தார். அவர் கணவர் என் கதை ஒன்றை அச்செடுத்துத் தலையணைமேல் வைத்துவிட்டு, "இவளைப்போல் இரு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா, என்னை மன்னியுங்கள். அந்தக் கதையின் பெண்ணுக்கு விடிகாலையில் எழவேண்டிய வேலை இல்லை, ஏனென்றால் நான் கொடுக்கவில்லை. அவள் களைப்படைவதில்லை, நான் களைப்பை எழுதவில்லை. அவளுக்கு இன்பம் தவறாமல் வருகிறது, நான் வரவழைக்கிறேன். இந்தக் கதைகள் இருவரும் சேர்ந்து படித்துச் சிரிக்கவும், "இது உனக்குப் பிடிக்குமா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் பயன்பட்டால் எனக்குப் பெருமை. அளவுகோலாக யார் கையிலும் கொடுப்பதற்கு நான் எழுதவில்லை. ஐயா, நீங்கள் இதைப் படிப்பதாக இருந்தால், அந்தத் தாளை எடுத்துவிட்டு உங்கள் மனைவியிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

சில விண்ணப்பங்களுக்கு என் பதில் எப்போதும் இல்லை என்பதுதான். 18 வயது நிரம்பாத எவரையும் என் கதையின் காமத்துக்குள் கொண்டுவர மாட்டேன். உயிரோடு இருக்கும் உண்மையான ஒருவரை, அவர் நடிகையானாலும் உங்கள் சக ஊழியரானாலும், அவர் சம்மதமில்லாமல் கதைக்குள் கட்டிலில் கிடத்த மாட்டேன். மறுபடி கேட்காதீர்கள்.

கதையின் தொடக்கத்தில், இதில் வன்முறை இருக்கிறது, இழப்பு இருக்கிறது என்று முன்குறிப்பு எழுதினால் அதைப் படியுங்கள். படித்துவிட்டு வேண்டாம் என்று திரும்பிப் போனால் எனக்கு வருத்தமே இல்லை. வன்முறையை அனுபவித்த ஒருவர் அந்தக் குறிப்பைப் பார்த்து, நல்லவேளை என்று புத்தகத்தை வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். கதையைப் படித்துப் பாராட்டியவர்களைவிட அவருக்கு நான் அதிகம் நன்றி சொன்னேன்.

முழுவதும் படியுங்கள் என்று நான் கேட்பது பேராசையாகத் தோன்றலாம். நீதிமன்றங்களுக்கே அது புரிய நெடுங்காலம் பிடித்தது. எது ஆபாசம் என்று தீர்மானிக்க 1868இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கில் வகுத்த ஹிக்ளின் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, ஒரு புத்தகத்தின் சில பத்திகளை மட்டும் உருவியெடுத்து அதை ஆபாசம் என்று தீர்த்துவிட முடிந்தது. நூலை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று அங்கே 1959இல் சட்டம் வந்தது. மறு ஆண்டு 'லேடி சாட்டர்லியின் காதலன்' வழக்கில் ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் கொண்ட ஜூரி, விசாரணையை நிறுத்திவைத்துவிட்டு, நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஓர் அறையில் உட்கார்ந்து அந்த நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்கள். படித்துவிட்டு வந்து, 1960 நவம்பர் 2ஆம் தேதி, குற்றமில்லை என்றார்கள். அதே நாவலை விற்றவருக்கு விதித்த தண்டனையை இந்திய உச்ச நீதிமன்றம் 1964இல் உறுதிசெய்தது. ஹிக்ளினை அது கைவிட்டது 2014இல். அந்தப் பன்னிரண்டு பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். சிலருக்கு அலுத்திருக்கும். இருந்தும் ஒரு பக்கத்தையும் தாண்டிப் போகாமல் படிப்பது அவர்கள் கடமையாக இருந்தது. உங்களுக்கு அந்தக் கடமை இல்லை, விருப்பத்தால்தான் வருகிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

இன்னும் ஒன்று, அது வெட்கம் பற்றியது. இந்த எழுத்தைப் பிடித்துப் படிக்கிற பலர், நாலு பேர் நடுவில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் ஆளாக முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் எழுந்து நின்று எனக்காக வாதாட வேண்டாம். படிப்பதை யாரிடமும் சொல்ல வேண்டாம், உங்கள் அந்தரங்கம் எனக்குப் புரியும். சுளிக்காமல் மட்டும் இருங்கள்.

எனக்கு வாய்த்த நல்ல வாசகர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அறுபதைத் தாண்டியவர் என்று கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். என் எல்லாக் கதைகளையும் வரிசையாகப் படித்துவிட்டு, 14ஆம் பக்கத்து நூலைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார். நான் யார், என் வயதென்ன, எனக்கு நடந்ததா என்று எதுவுமே கேட்கவில்லை. கடைசியில் ஒரு வரி: "உங்கள் கதைகளில் ஒருவருக்கும் மூட்டு வலிப்பதே இல்லை."

அந்த வரியை மேசைக்கு மேலே ஒட்டிவைத்தேன். எத்தனை கதைகள் எழுதியிருந்தேன்! அத்தனை உடல்களும் எண்ணெய் போட்டதுபோல் மடங்கின, நிமிர்ந்தன. வலிக்கும் முழங்காலோடு ஒருவரை ஒருவர் விரும்புகிறவர்கள் என் கதைகளுக்குள் வர இடமே இருக்கவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு புதுக் கதை எழுதினேன். அதில் இருவருமே அறுபதைக் கடந்தவர்கள். எல்லாம் தொடங்குமுன் அவன் ஒரு தலையணையை எடுத்து அவள் முழங்காலுக்கு அடியில் வைக்கிறான். நான் எழுதியதிலேயே அதிகக் காமம் உள்ள வரி அதுதான் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் படியை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். போன வாரம் பதில் வந்தது. கதை பிடித்திருக்கிறதாம். ஆனால் அவள் ஒருக்களித்துப் படுத்திருப்பதால் தலையணை முழங்காலுக்கு அடியில் இருந்தால் பயனில்லை, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்களுக்காக எழுதுகிறவர்களில் ஒருத்தி